பிள்ளையின் பெறுபேறு எந்த அலுமாரியில் இருக்கிறது?

(யாழ்ப்பாணம், திருநெல்வேலியில் நடைபெற்ற தொழிலாளர் குடும்பங்களின் கல்விக் கூட்டத்தில், தோட்டப் பாடசாலை ஆசிரியரும் எமது சங்கத்தின் அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை.)



நான் இரவு பஸ்ஸில் அட்டனிலிருந்து வந்தேன். பக்கத்து இருக்கையில் ஒரு பையன். வெல்டிங் படித்தவன். கையில் ஒரு பிளாஸ்டிக் கோவை. வழி முழுக்க அதை மடியிலிருந்து இறக்கவேயில்லை. "என்ன தம்பி அது?" என்று கேட்டேன். "சேட்டிபிக்கட் சேர். வவுனியாவில் ஒரு வேலைக்கு இன்டர்வியூ" என்றான். திறந்து காட்டினான். உள்ளே இருந்தது தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் இல்லை. அவன் படித்த நிலையம் "இன்னார் இந்தப் பாடநெறியைப் பின்பற்றினார்" என்று கொடுத்த கடிதம். "மற்றது எங்கே?" என்றேன். "வரும் என்று சொன்னார்கள் சேர். ஒரு வருசம் ஆகுது" என்றான்.

இன்றைக்கு நான் பேச வந்ததே அதுதான். பிள்ளை படித்து முடித்துவிட்டது, மதிப்பீடும் முடிந்துவிட்டது. அந்தப் பெறுபேறு பிள்ளையின் கைக்கு எப்படி வருகிறது? வராவிட்டால் எங்கே நிற்கிறது? யாரிடம் கேட்பது?

சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் காகிதத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று நினைக்க வேண்டாம். காகிதத்தின் விலை எங்கள் சனத்துக்குத் தெரிந்த அளவுக்கு இந்த நாட்டில் வேறு யாருக்கும் தெரியாது. 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது எங்கள் பாட்டன் பூட்டன் நாடற்றவர்கள் ஆனது காகிதத்தால். 1964 இல் இரண்டு பிரதமர்கள் கையெழுத்துப் போட்டு, இத்தனை லட்சம் பேர் அங்கே, இத்தனை லட்சம் பேர் இங்கே என்று பிரித்ததும் காகிதத்தால். அந்தக் கணக்கு முழுதாகத் தீர 2003 ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இங்கே இருக்கும் பெரியவர்கள் பலர் 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையை விட்டு வன்னிக்கு வந்தவர்கள். வரும்போது எது எரிந்தது, எது தொலைந்தது, பிறகு அந்தப் பத்திரம் இல்லாமல் எத்தனை கந்தோர் படி ஏறினீர்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இப்போது விசயத்துக்கு வருகிறேன்.

ஓ/எல், ஏ/எல் பெறுபேறு எப்படி வருகிறது என்று எல்லா வீட்டுக்கும் தெரியும். பரீட்சைத் திணைக்களம் ஒன்றே ஒன்று. வினாத்தாள் போடுவதும் அவர்கள், திருத்துவதும் அவர்கள், பெறுபேறு வெளியிடுவதும் அவர்கள். சுட்டெண்ணைப் போனில் தட்டினால் நடுச்சாமத்திலும் தெரிந்துவிடும். லயத்தில் ஒரு பிள்ளைக்கு ஒன்பது ஏ வந்தால் விடியும்போது அடுத்த டிவிசனுக்கும் தெரியும்.

தொழிற்தகைமை அப்படியில்லை. என்.வி.கியூ. என்று நாங்கள் சொல்லும் தேசிய தொழிற்தகைமைக்கு ஏழு மட்டங்கள் உண்டு. ஒன்று முதல் நான்குவரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். நான்காம் மட்டம் என்றால் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமலேயே அந்த வேலையைச் செய்யக்கூடியவர் என்று அர்த்தம். இதற்கெல்லாம் மேலே இருப்பது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு. 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது. ஆனால் படிப்பிப்பவர்கள் வேறு வேறு ஆட்கள். தொழிற்பயிற்சி அதிகாரசபை, நைட்டா, தொழில்நுட்பக் கல்லூரிகள், இளைஞர் சேவைகள் மன்றம், தனியார் நிலையங்கள் என்று பல. 2017 இல் 42 பாடசாலைகளில் தொடங்கிய பதின்மூன்று வருடக் கல்வித் திட்டத்தின் பிறகு பாடசாலைகளும் இதில் சேர்ந்துவிட்டன. ஓ/எல் சித்தியோ இல்லையோ, பிள்ளை தொழிற்பாடப் பிரிவில் சேரலாம். முதல் வருடம் பாடசாலையில் பொதுவான பாடங்கள், அடுத்த வருடம் ஒரு பயிற்சி நிலையத்தில் தொழில். முடிவில் நான்காம் மட்டம் என்பதுதான் நோக்கம்.

நல்ல திட்டம் என்றுதான் நான் சொல்வேன். எங்கள் தோட்டங்களில் ஓ/எல்லோடு நின்றுபோன பிள்ளைகள் எத்தனை பேர். கணக்குப் பாடம் ஒன்று போனதற்காகக் கொழும்புக் கடைக்குப் போன பிள்ளைகள் எத்தனை பேர். அவர்களுக்குத் திறந்த கதவு இது. ஆனால் கதவு எத்தனை வாசல்படிகளைத் தாண்டியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

பிள்ளையின் பெயர் பாடசாலை இடாப்பில் இருக்கிறது. பயிற்சி நிலையம் தன்னுடைய இடாப்பில் இன்னொரு தடவை எழுதுகிறது. அங்கிருந்து மதிப்பீட்டுக்கு விண்ணப்பம் போகிறது. ஆணைக்குழுவில் பதிந்த மதிப்பீட்டாளர் ஒருவர் வந்து செய்முறையும் அறிவும் பார்க்கிறார். அவருடைய அறிக்கை போகிறது. சரிபார்த்து, சான்றிதழ் அச்சாகி, திரும்ப நிலையத்துக்கு வருகிறது. நிலையம் பாடசாலைக்குச் சொல்ல வேண்டும், அல்லது பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். இத்தனை கை மாறும்போது ஒரு கையில் நின்றால் போதும். பாடசாலையைக் கேட்டால் "நிலையத்தில் கேளுங்கள்" என்பார்கள். நிலையத்தைக் கேட்டால் "கொழும்பிலிருந்து வரவில்லை" என்பார்கள். கொழும்புக்கு யார் போவது? ஒரு நாள் பேர் போய்விடும், பஸ் காசு போய்விடும்.

பெறுபேறே வேறு மாதிரி என்பதையும் பெற்றோர் விளங்கிக்கொள்ள வேண்டும். இதில் ஏ, பி, சி இல்லை. நூற்றுக்கு எத்தனை என்ற பேச்சும் இல்லை. வேலையைச் செய்யத் தெரியும், அல்லது இன்னும் தெரியாது. தேர்ச்சி, அல்லது இன்னும் தேர்ச்சியில்லை. "இன்னும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். மின்சார வயரிங் படித்த பிள்ளை எட்டு அலகில் ஆறில் தேர்ச்சி பெற்று இரண்டில் பெறவில்லை என்றால், அந்தப் பிள்ளை பெயில் இல்லை. பெற்ற அலகுகளுக்குப் பதிவு உண்டு. அதைக் கேட்டு வாங்க வேண்டும். மிச்ச இரண்டுக்குத் திரும்ப மதிப்பீட்டுக்குப் போகலாம். இதை ஒருவரும் சொல்லிக்கொடுக்காததால் "எனக்குச் சரிவரவில்லை சேர்" என்று சொல்லிவிட்டு ஆறு அலகையும் குப்பையில் போட்டுவிட்டுப் போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

இனி என்னுடைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பாடசாலைப் பெயரோ நிலையத்தின் பெயரோ வேண்டாம். குற்றத்தில் பாதி என்னுடையது.

என்னிடம் ஓ/எல்வரை படித்த ஒரு பிள்ளை. அம்மா கொழுந்து எடுக்கிறவர், அப்பா இல்லை. டவுன் பாடசாலையில் தொழிற்பாடப் பிரிவில் சேர்ந்து, ஹோட்டல் சமையல் எடுத்தது. பயிற்சி நிலையத்துக்குக் கொடுக்க வேண்டிய படிவத்தை ஒரு நாள் இரவு அம்மாவும் மகளுமாக என் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். "சேர், நீங்களே எழுதிக் கொடுங்க. எங்களுக்கு இங்கிலீசு தெரியாது." நான் எழுதினேன். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் பிள்ளையின் பெயர் தோட்டத்து வழக்கில் லெட்சுமி என்றுதான் இருக்கிறது, ஆங்கில எழுத்தும் அதற்கேற்ற மாதிரி. நான் படித்தவன் அல்லவா! இது பிழை, லக்ஷ்மி என்றுதான் வர வேண்டும் என்று திருத்தி எழுதிவிட்டேன். அந்த அம்மா கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல் வைத்தார். எனக்கு நன்றி சொல்லிவிட்டு, முருங்கைக்கீரைக் கட்டு ஒன்றும் வைத்துவிட்டுப் போனார்.

பிள்ளை நன்றாகப் படித்தது. மதிப்பீட்டில் தேர்ச்சியும் பெற்றது. பயிற்சிக்குப் போன ஹோட்டலிலேயே "சான்றிதழைக் கொண்டுவா, நிரந்தரமாக எடுக்கிறோம்" என்றார்கள். மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தார்கள். சான்றிதழ் வரவில்லை. வேறு ஆளை எடுத்துவிட்டார்கள்.

சான்றிதழ் உண்மையில் வராமல் இல்லை. வந்திருந்தது. ஒரு அலுமாரிக்குள் இருந்தது. ஏன் கொடுக்கவில்லை என்று பிறகு நான் போய்க் கேட்டபோது சொன்ன பதில்: "எல்லாருக்கும் சேர்த்து ஒரு விழா வைத்துக் கொடுக்கலாம் என்று இருந்தோம் சேர். பிரதம விருந்தினர் திகதி தரவில்லை." ஏழு மாதம். ஒரு பெரிய மனிதர் வந்து போட்டோ எடுக்க வேண்டும் என்பதற்காக இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் பிழைப்பு ஏழு மாதம் பூட்டிக்கிடந்தது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. விழா வைத்தால் பிள்ளைகளுக்குப் பெருமை என்றுதான் நினைத்தார்கள். பந்தலுக்குக்கூடச் சொல்லி வைத்திருந்தார்கள்.

சான்றிதழை வாங்கிப் பார்த்தால் லக்ஷ்மி. அடையாள அட்டையில் லெட்சுமி. இரண்டாவதாகக் கிடைத்த வேலையில் அந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது நீங்கள்தான் என்று எப்படி நம்புவது?" என்று கேட்டுவிட்டார்கள். பிறகு சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி, நிலையத்திலிருந்து கடிதம், திருத்தத்துக்கு விண்ணப்பம் என்று இன்னும் ஐந்து மாதம் ஓடியது. ஏழும் ஐந்தும் பன்னிரண்டு. பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு ஒரு வருடம். அந்த வருடத்தில் அது புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் நின்றது. இப்போது சான்றிதழ் சரியாக இருக்கிறது. ஆனால் பிள்ளை சமையலுக்குத் திரும்பவில்லை. அம்மா இன்றும் என்னைக் கண்டால் "சேர்" என்று மரியாதையாகத்தான் கூப்பிடுகிறார். அந்தப் பெயரைத் திருத்தியது நான்தான் என்று நான் அவரிடம் சொல்லிவிட்டேன். "நீங்க நல்லதுக்குத்தானே செஞ்சீங்க" என்றார்.

ஆகவே முதலாவதாக நான் ஆசிரியர்களுக்குச் சொல்கிறேன், எனக்கும் சேர்த்து. பெயரைத் திருத்தாதீர்கள். பிறப்புப் பத்திரத்தில் என்ன எழுத்தோ அதே எழுத்து. அது பிழையாகத் தெரிந்தாலும் அதே எழுத்து. பிறப்புப் பத்திரத்திலேயே பிழை என்றால், பிள்ளை ஓ/எல்லுக்கு விண்ணப்பிக்கும் முன்பே பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் போய்த் திருத்துங்கள். எங்கள் சனத்தின் பிறப்புப் பத்திரங்களில் எத்தனை கூத்து இருக்கிறது! தோட்டத்துக் கிளார்க்கர் சொன்னதைப் பதிவாளர் சிங்களத்தில் கேட்டு எழுதியது, அப்பா பெயர் பிள்ளையின் பெயராக ஏறியது, முருகாயி முருகையாவானது. வயதான தொழிலாளி இ.பி.எப். எடுக்கப் போகும்போது பெயர் ஒத்துவராமல் அலைகிறாரே, அதே வியாதிதான் பிள்ளையின் சான்றிதழிலும் வந்து நிற்கிறது. அப்பாவுக்கு அறுபது வயதில் வந்த வில்லங்கம் மகளுக்கு இருபது வயதிலேயே வருகிறது.

இரண்டாவதாகப் பெற்றோருக்கு. நீங்கள் மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது என்ன செய்வீர்கள்? தராசைப் பார்ப்பீர்கள். கழிவு எத்தனை கிலோ வெட்டுகிறார்கள் என்று பார்ப்பீர்கள். துண்டில் எத்தனை எழுதுகிறார்கள் என்று, எழுத வாசிக்கத் தெரியாத ஆத்தா கூடப் பக்கத்தில் இருக்கும் பிள்ளையை விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்பார். ஏனென்றால் நாள் முழுக்க மழையில் நனைந்து எடுத்தாலும் செக்ரோலில் பேர் விழாவிட்டால் அது வேலை இல்லை. அந்தக் கண்ணைப் பிள்ளையின் படிப்பிலும் வையுங்கள். பயிற்சிக்குப் போகும் பிள்ளையிடம் ஒரு பதிவுப் புத்தகம் இருக்கும். என்னென்ன வேலை செய்தது என்று எழுதி, மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட வேண்டும். மதிப்பீட்டாளர் கேட்கும்போது அதுதான் சாட்சி. வாரத்துக்கு ஒரு தடவை "புத்தகத்தைக் காட்டு, கையெழுத்து விழுந்திருக்கா?" என்று கேளுங்கள். உங்களுக்கு வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. கையெழுத்து இருக்கிறதா, வெறுமையாக இருக்கிறதா என்று பார்க்கக் கண் போதும்.

இடையில் ஒன்று. டவுன்களில் சுவரொட்டி ஒட்டி, "என்.வி.கியூ. சான்றிதழுடன் மூன்று மாதப் பயிற்சி" என்று காசு வாங்கும் இடங்கள் உண்டு. நிலையம் ஆணைக்குழுவில் பதிந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. பதிவு வேறு, அந்தக் குறிப்பிட்ட பாடநெறிக்கான அங்கீகாரம் வேறு. கணினிக்கு அங்கீகாரம் எடுத்த நிலையம் அழகுக்கலைக்கும் அதே பலகையைக் காட்டிப் பிள்ளை சேர்க்கலாம். "நான் படிக்கப்போகும் இந்தப் பாடநெறிக்கு, இந்த மட்டத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். முதல் தவணைக் காசு கட்டும் முன்பு கேளுங்கள். கட்டிய பிறகு கேட்டால் குரல் வராது. அதேபோல் உண்மையான சான்றிதழில் ஒரு இலக்கம் இருக்கும். அதை வைத்து ஆணைக்குழுவிடம் சரிபார்க்க முடியும். நிலையம் தானாக அடித்துக் கொடுக்கும் அழகான காகிதத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை. தங்க நிறக் கரை இருக்கும், இலக்கம் இருக்காது.

பெறுபேறு தாமதமாவது இங்கே மட்டும் நடக்கும் விசயம் என்று நினைக்காதீர்கள். 2022 ஆகஸ்டில் இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குத் தொழிற்கல்விப் பெறுபேறு குறித்த நாளில் வரவில்லை. மற்றப் பரீட்சை எழுதியவர்கள் கையில் பெறுபேற்றோடு பல்கலைக்கழகத்துக்குப் போக, இவர்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். ஒஃப்குவல் என்ற மேற்பார்வை நிறுவனம் விசாரித்தது. வந்த விடை எங்களுக்கும் தெரிந்ததுதான்: எந்தப் பிள்ளை இந்த வருடம் முடிக்கிறது, எதற்குப் பெறுபேறு எதிர்பார்க்கிறது என்ற தகவல் பாடசாலைக்கும் சான்றிதழ் கொடுக்கும் நிறுவனத்துக்கும் இடையில் ஒழுங்காகப் போகவில்லை. அதற்குப் பிறகு, வருடக் கடைசிவரை பொறுக்காமல் படிப்பு நடக்கும்போதே பட்டியலை இரண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஒழுங்கைக் கொண்டுவந்தார்கள். காசு உள்ள நாடு, கணினி உள்ள நாடு, அங்கேயே பட்டியல் ஒத்துவரவில்லை. அவர்களுக்கு அது செய்தித்தாளில் வந்தது, பாராளுமன்றக் குழு கேள்வி கேட்டது. எங்கள் பையன் பஸ்ஸில் கோவையை மடியில் வைத்துக்கொண்டு போகிறான்.

அந்த நாட்டில் இன்னொரு விதியும் உண்டு. பாடசாலைக்குக் கட்ட வேண்டிய காசு பாக்கி என்பதற்காக ஒரு பிள்ளையின் சான்றிதழைப் பாடசாலை தன் இஷ்டத்துக்குப் பிடித்து வைக்க முடியாது. இதை ஏன் சொல்கிறேன் என்று இங்கே சில பேருக்கு விளங்கும். "அபிவிருத்திச் சங்கக் காசைக் கட்டிவிட்டு வந்து வாங்கு", "நூலகப் புத்தகம் ஒன்று குறைகிறது", "சிரமதானத்துக்கு அப்பா வரவில்லை." இப்படியெல்லாம் சொல்லி நிறுத்திய இடங்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. அதிபர்மாருக்கு இருக்கும் கஷ்டம் எனக்குத் தெரியும். சுண்ணக்கட்டிக்குக் காசில்லாமல் நானும் பாடசாலை நடத்தியிருக்கிறேன். ஆனாலும் பிள்ளையின் பெறுபேறு அடகுப் பொருள் இல்லை. பாக்கியை வேறு வழியில் கேளுங்கள். சங்கத்திடம் சொல்லுங்கள், நாங்கள் அந்தக் குடும்பத்தோடு பேசுகிறோம்.

சரி, கேட்டுக் கேட்டும் பதில் இல்லை என்றால்? இங்கே சட்டம் ஒன்று எங்கள் பக்கம் இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். அரசாங்கப் பாடசாலை, வலயக் கல்வி அலுவலகம், அதிகாரசபை, ஆணைக்குழு எல்லாம் இதற்குள் வரும். "இன்ன வருடம், இன்ன பாடநெறி, இன்ன திகதியில் நடந்த மதிப்பீட்டின் அறிக்கை எப்போது உங்களுக்குக் கிடைத்தது? சான்றிதழ் அச்சாகிவிட்டதா? எந்தத் திகதியில் எந்த நிலையத்துக்கு அனுப்பினீர்கள்?" இந்த மூன்று கேள்வியை எழுதிக் கொடுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொல்லலாம். அதை எழுத்தில் எடுப்பது தகவல் அலுவலரின் கடமை என்று சட்டத்திலேயே இருக்கிறது. பெற்றுக்கொண்டதற்குத் துண்டு தர வேண்டும். பதினான்கு வேலை நாட்களுக்குள் தருகிறோம் அல்லது தர முடியாது என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் பதினான்கு நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு. அங்கேயும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் ஆணைக்குழுவுக்கு. தமிழிலேயே எழுதுங்கள். 1987 இல் வந்த பதின்மூன்றாவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி. "சிங்களத்தில் கொண்டு வா" என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் சொன்னால், "அதை எழுதித் தாங்க ஐயா" என்று மரியாதையாகக் கேளுங்கள்.

நாங்கள் ஒரு தோட்டத்தில் இப்படிக் கேட்டோம். சண்டை பிடிக்கவில்லை, பிரட்டுக்குப் போகாமல் நிற்கவில்லை. ஒரு கடிதம்தான். மதிப்பீட்டு அறிக்கையில் ஒரு கையெழுத்துக் குறைகிறது என்று நிலையத்துக்குத் திருப்பி அனுப்பியிருந்தார்கள், அது நிலையத்தில் ஒரு கோவைக்குள் கிடந்தது என்று தெரிய வந்தது. ஒரு கையெழுத்து! அதற்காகப் பதினொரு பிள்ளைகள் நின்றார்கள். கடிதம் போன மூன்றாவது வாரம் அந்தக் கையெழுத்து விழுந்தது.

தம்பி தங்கைமாரே, இப்போது உங்களிடம் வருகிறேன். 1974 இல் ஒரு வளாகமாகத் தொடங்கிய பல்கலைக்கழகம் இந்தத் திருநெல்வேலியில் இருக்கிறது. நீங்கள் நுவரெலியாவிலிருந்தும் பதுளையிலிருந்தும் இங்கே வந்து படிக்கிறீர்கள் என்று கேட்கும்போது எங்களுக்கு நெஞ்சு நிறைகிறது. ஆனால் உங்கள் லயத்தில் உங்களோடு ஓடி விளையாடியவர்களில் எத்தனை பேர் ஏ/எல்வரை வந்தார்கள்? மற்றவர்களுக்கு வேறு வழி உண்டு. நான்காம் மட்டத்திலிருந்து ஐந்து, ஆறு, பிறகு இரத்மலானையில் 2008 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகத்தில் ஏழு, அதாவது பட்டம். கிளிநொச்சி அறிவியல் நகரில் ஜெர்மன் உதவியோடு கட்டிய பயிற்சி நிறுவனம் இருக்கிறது. இங்கிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம். வன்னியில் இருக்கும் எங்கள் குடும்பங்களுக்கு அது வீட்டு வாசல் மாதிரி. ஆனால் நான்காம் மட்டத்துச் சான்றிதழ் கையில் இல்லாமல் ஐந்தாம் மட்டத்து வாசலில் நின்றால் உள்ளே விடமாட்டார்கள். உங்களால் என்ன செய்யலாம் என்றால், விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது ஒரு நாளை ஒதுக்கி லயத்தில் இருக்கும் பிள்ளைகளின் படிவங்களைப் பாருங்கள். பிறப்புப் பத்திரத்தையும் படிவத்தையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். என்னைப் போல் திருத்தாமல் பாருங்கள்.

வேலை செய்து பழகியவர்களுக்கும் ஒரு வார்த்தை. இருபது வருடமாக மேசன் வேலை செய்யும் அண்ணன், பாக்டரியில் மோட்டார் கழற்றிப் பூட்டும் அண்ணன், தையல் மெஷினில் பிள்ளைகளை வளர்த்த அக்கா, நீங்கள் திரும்பப் பாடசாலைக்குப் போகத் தேவையில்லை. முன்கற்றலை அங்கீகரித்தல் என்று ஒரு முறை இருக்கிறது. செய்த வேலைக்குச் சாட்சிகளைக் கொண்டுபோய், மதிப்பீட்டாளர் முன்னால் வேலையைச் செய்து காட்டினால் அதே தேசியச் சான்றிதழ். நைட்டா கந்தோர்களில் விசாரிக்கலாம். கைவேலை தெரிந்தும் "கூலி" என்றே எழுதப்படுகிற ஆட்கள் எங்களில் நிறைய.

சங்கம் என்ன செய்யும் என்று கேட்பீர்கள். சந்தா வாங்குகிறோம், கேட்க வேண்டியதுதான். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு தோட்டத்திலும் தலைவர், தலைவி கையில் ஒரு கொப்பி கொடுத்திருக்கிறோம். பெரிய வேலை ஒன்றுமில்லை. எந்த லயத்தில் எந்தப் பிள்ளை, எங்கே பயிற்சி, மதிப்பீடு நடந்த திகதி, சான்றிதழ் வந்த திகதி. அவ்வளவுதான் கட்டங்கள். மதிப்பீட்டுத் திகதி இருந்து, அடுத்த கட்டம் மூன்று மாதமாக வெறுமையாக இருந்தால் எங்களுக்கு ஒரு போன் வரும். இரண்டு தோட்டங்களில் கொப்பி நன்றாக நடக்கிறது. ஒன்றில் தலைவர் அதைக் கைக்காசுக் கணக்கு எழுதப் பாவித்துவிட்டார். அவருக்குப் புதுக் கொப்பி கொடுத்திருக்கிறோம். வடக்கிலும் இதைத் தொடங்க வேண்டும் என்பது என் விருப்பம். அதிபர்மாரிடமும் நிலையங்களிடமும் நாங்கள் எழுத்தில் வைத்திருக்கும் கோரிக்கை ஒன்றே ஒன்று: சான்றிதழ் வந்த கிழமைக்குள் பிள்ளைக்குச் சொல்லி, கையொப்பம் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். விழா பிறகு வையுங்கள். பிரதம விருந்தினர் வரும்போது பிள்ளை தன் சான்றிதழைத் தானே கொண்டுவந்து மேடையில் காட்டும். போட்டோவும் நன்றாக இருக்கும்.

கடைசியாக ஒரு அறிவித்தல். வாசலில் மேசை போட்டிருக்கிறோம். பல்கலைக்கழகத் தம்பிமார் மூன்று பேர் இருப்பார்கள். பிள்ளையின் சான்றிதழ் வராதவர்கள் பெயர், மதிப்பீடு நடந்த திகதி, நிலையத்தின் பெயர் மூன்றையும் சொல்லுங்கள். தகவல் கேட்கும் கடிதத்தை இன்றைக்கே எழுதி, நீங்கள் கையெழுத்தோ பெருவிரலோ வைத்துவிட்டுப் போகலாம். பிறப்புப் பத்திரம் கொண்டுவந்தவர்கள் போட்டோக் கொப்பியை மட்டும் கொடுங்கள். அசலை யாரிடமும் கொடுக்க வேண்டாம், எங்களிடமும் வேண்டாம். முல்லைத்தீவு பஸ்ஸுக்குப் போக வேண்டியவர்கள் முதலில் வரிசையில் நில்லுங்கள், மற்றவர்கள் அவர்களுக்கு இடம் விடுங்கள்.